கீரி கக்கும் செல்வம்

பெருத்த தொப்பை. தலையிலே முடி, கழுத்திலே மாலை, கைகளிலே கடகம். வலக்கையிலே ஒரு கனி. இடக்கைப் பிடியிலே ஒரு கீரி. கை நெரிக்கிறது, கீரி வாய் திறக்கிறது, வாயிலிருந்து மணிகள் கொட்டுகின்றன! ஒரு கால் மடங்கியிருக்கிறது. தொங்கவிட்ட மற்றொரு காலின் கீழே சங்கும் செல்வக் குடமும் கிடக்கின்றன. வார்த்தெடுத்துத் தேய்த்து மெருகேற்றிய பித்தளை, விளக்கொளி பட்டால் பொன்னோ என்று மயங்க வைக்கும்.

இவ்வுருவின் பெயர் ஜம்பலன். பௌத்தர்களின் செல்வக் கடவுள் என்பர். நேபாளத்துக் கடைத்தெருக்களிலே அடுக்கடுக்காக வைத்து விற்கிறார்கள். வாங்குவோரில் வணங்குவோர் உண்டு. வரவேற்பறைக்கு அழகு என்று வைப்போரும் உண்டு. 'அழகுக்குத்தான் வாங்கினேன், ஆனாலும் காசு வந்தால் வரட்டுமே' என்று எண்ணி வடக்கு நோக்கித் திருப்பி வைப்போர் அவர்களினும் அதிகம்!

பௌத்தர்களின் செல்வக் கடவுள்! இந்தச் சொற்களைச் சேர்த்து ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நெருப்பிலே குளிர் காய்ந்தேன் என்பதுபோல் இல்லையா? அரண்மனையை விட்டு வெளியேறியவர் புத்தர். கடவுளைப் பற்றிக் கேட்டவர்களிடம், உன் துன்பத்தைப் பார், அதன் காரணத்தைப் பார், அதனை நீக்கும் வழியைப் பார் என்று சொன்னவர் புத்தர். துன்பத்துக்கு வேர் ஆசை என்று கண்டவர் புத்தர். அவர் பெயரால், ஆசைக்கே ஒரு கடவுள்! அக்கடவுளுக்குத் தொப்பை! தொப்பைக்குத் துணையாக மணி கக்கும் கீரி!

எப்படி வந்தது இந்தக் கீரி? யார் கொண்டு வந்தார்கள்? எதை மறைக்க வந்தது? இந்தக் கதையை அறிந்துகொள்வது, ஒரு பொம்மையின் வரலாற்றை அறிவதாக மட்டும் இராது. ஒரு புரட்சி எப்படிப் பூசையாக மாற்றப்படுகிறது என்பதை அறிவதாகவும் இருக்கும்.

வைசாலியில் ஒரு வெண்கலக் கிண்ணம்

புத்தர் மறைந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்ததாக விநய பிடகம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறது. வைசாலி நகரம். நோன்பு நாள். துறவிகள் கூடியிருக்கின்றனர். நடுவிலே ஒரு வெண்கலக் கிண்ணம், அதிலே தண்ணீர். வந்து செல்லும் இல்லறத்தாரைப் பார்த்துத் துறவிகள் கேட்கின்றனர்: முழுக் காசு போடுங்கள், இல்லையேல் அரைக் காசு, அதுவும் இல்லையேல் கால் காசு, சங்கத்துக்குத் தேவைகள் இருக்கின்றன என்று.

யசர் என்ற துறவி அங்கே வந்தார். பார்த்தார். பதறினார். பொன்னையும் வெள்ளியையும் துறவி தொடலாகாது என்பது புத்தர் வகுத்த நெறியல்லவா? 'கொடுக்காதீர்கள்' என்று மக்களிடமே சொன்னார். மக்கள் கேட்கவில்லை, போட்டார்கள். கிண்ணம் நிறைந்தது. மறுநாள் பங்கு பிரித்தார்கள். எதிர்த்த யசருக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்தார்கள்!

எவ்வளவு தேர்ந்த தந்திரம் பாருங்கள். எதிர்ப்பவனை அடிக்க வேண்டியதில்லை. அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டால் போதும். எத்தனையோ கொள்கை வீரர்கள் வீழ்ந்த இடம் அது. யசர் வீழவில்லை. வேண்டாம் என்று தள்ளினார். உடனே குற்றவாளி ஆக்கப்பட்டார். மக்களின் மனத்தைப் புண்படுத்திவிட்டாய், போய் மன்னிப்புக் கேள் என்றனர். அவர் போனார்; மன்னிப்புக் கேட்பதற்கு மாறாக, புத்தர் சொன்னது இன்னது என்று மக்களுக்கு விளக்கினார். மக்கள் அவர் பக்கம் நின்றனர். செய்தி பல நாடுகளுக்குப் பரவ, 700 துறவிகள் வைசாலியிலே கூடினர். பத்து வழக்கங்களை ஆராய்ந்தனர். பத்தும் தவறு என்று தீர்ப்பளித்தனர். பத்தாவது, பொன்னும் வெள்ளியும் பெறுவது.

யசர் வென்றார். அந்த வெற்றி ஏட்டிலே இருக்கிறது. கிண்ணம் என்ன ஆயிற்று? அது உடைக்கப்படவில்லை. அகற்றித்தான் வைக்கப்பட்டது. பின்னர் அதுவே பெட்டியாயிற்று, பெட்டி பண்டாரமாயிற்று, பண்டாரத்துக்குக் காவலாக ஒரு கடவுள் வந்து அமர்ந்தார்!

தறி கொடுத்த காசு

மன்னர் வந்தனர், வணிகர் வந்தனர். மலையைக் குடைந்து மடம் அமைத்தனர். துறவி காசைத் தொடலாகாது என்ற விதி இருந்தது. காசை வட்டிக்கு விடலாகாது என்று மடத்தின் புரவலர்களை யாரும் தடுக்கவில்லை!

மகாராட்டிர மாநிலத்து நாசிக் குகையிலே, கி. பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று. நகபானன் என்னும் சத்திரப மன்னனின் மருமகன் உசவதாதன் 3000 கார்சாபணம் அறக்கட்டளை வைக்கிறான். பணத்தை மடத்திலே வைக்கவில்லை. கோவர்த்தன நகரத்து நெசவாளர் சங்கங்கள் இரண்டிலே போடுகிறான். ஒரு சங்கத்தில் 2000. மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. மற்றொன்றில் 1000, மாதம் நூற்றுக்கு முக்கால் வட்டி. முதல் தொகையின் வட்டி, குகையிலே தங்கும் 20 துறவிகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டாக ஆடைக்குப் போகும். முதல் என்றும் அழியாது. வட்டி என்றும் நிற்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000க்கு ஆண்டு வட்டி 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் 240. ஒரு காசு குறைவில்லை, ஒரு காசு கூடுதலில்லை! இந்த 240 காசையும் கொடுத்தது யார்? உசவதாதன் ஒரு முறை கொடுத்தான். கல்லிலே பெயர் பெற்றான். நெசவாளன் ஒவ்வோர் ஆண்டும் கொடுத்தான். அவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. குழித் தறியிலே கால் கடுக்க, கண் பூக்க, இழை இழையாக ஓட்டினானே, அந்த ஓட்டத்தின் ஓசைதான் மடத்துக்குச் செல்வமாக வந்து சேர்ந்தது.

தறி கக்கிய காசு அது. பின்னாளிலே அதைக் கீரி கக்கியதாகச் சொன்னார்கள்!

சமையற்கட்டுக் கடவுள்

காந்தாரத்துச் சிற்பங்களிலே பாஞ்சிகன் என்ற இயக்கத் தலைவன் வருகிறான். பக்கத்திலே அவன் துணைவி ஆரீதி, சுற்றிலும் குழந்தைகள். பிள்ளைகளைத் தின்ற அரக்கி அவள் என்றும், அவளுடைய கடைசிக் குழந்தையைத் தம் திருவோட்டின் கீழ் ஒளித்து வைத்துப் புத்தர் அவளைத் திருத்தினார் என்றும் கதை. அசந்தாவிலே, 2ஆம் குகையிலே, இந்த இணைக்குத் தனிக் கோவிலே குடைந்திருக்கிறார்கள். இயக்கர் வழிபாடு புத்தருக்கும் முந்திய நாட்டுப்புற வழிபாடு. மக்களிடமிருந்து அதைக் களைய முடியாத மடம், வாயிற்படியிலே அதற்கு இடம் கொடுத்தது. வாயிலுக்கு வந்தது பின்பு அடுக்களைக்குள்ளே நுழைந்தது.

7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நாளந்தாவில் பத்தாண்டு தங்கிப் பயின்ற சீனத் துறவி இட்சிங் இதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். பெரிய மடங்களிலே, சமையற்கட்டுத் தூணருகே, இரண்டு மூன்று அடி உயர மர உருவம் ஒன்று, கையிலே பொற்பை, ஒரு கால் தொங்க அமர்ந்த கோலம். எண்ணெய் பூசிப் பூசி முகம் கறுத்துப் போயிற்றாம். அதனால் மாகாளன், பெருங்கறுப்பன் என்று பெயர்!

அவரே இன்னொரு கதையும் கேட்டு எழுதுகிறார். நூறு பேருக்குச் சமைக்கும் ஒரு மடத்துக்கு, உச்சி வேளை நெருங்கும் நேரத்திலே, ஐந்நூறு துறவிகள் வந்து சேர்ந்தனர். சமையற்காரர் கலங்கினர். பணியாள் ஒருவனின் தாய், முதியவள், கவலை வேண்டாம் என்று சொல்லிக் கறுப்பன் முன்னே புகை காட்டிப் படையலிட்டாளாம். எல்லோருக்கும் உணவு போதுமானதாகி விட்டதாம்! எல்லோரும் கடவுளின் ஆற்றலை வியந்தனர். அடுக்களை அறிந்தவர்கள் வேறொன்றை வியப்பார்கள். நூறு பேருக்கு வைத்ததை அறுநூறு பேருக்குப் பகிர்ந்து பரிமாறத் தெரிந்த கிழவி ஒருத்தி அங்கே இருந்தாளே, அவளையல்லவா வியக்க வேண்டும்! அகப்பை பிடித்த கைக்குப் புகழ் இல்லை. பொற்பை பிடித்த மரத்துக்குப் புகழ்!

பொற்பைதான் பிறகு கீரியாயிற்று. நடு ஆசிய வணிகர் கீரித் தோலிலே பணப்பை செய்து வைத்திருந்தனர் என்றும், பையின் வடிவமே உயிருள்ள கீரியாக மாறிற்று என்றும் ஆய்வாளர் கூறுவர். வடமொழியில் கீரியைக் குறிக்கும் சொல்லை ஒட்டியே பணப்பைக்கும் ஒரு பெயர் இருப்பது இதற்குச் சான்று. புதையலைப் பாம்பு காக்கும் என்பது பழைய நம்பிக்கை; பாம்புக்குப் பகை கீரி; ஆகவே கீரியை நெரித்தால் புதையல் வெளிவரும் என்று கதை கட்டுவது எளிதாயிற்று. வலக்கைக் கனியோ எலுமிச்சை இனம். அக்கனியின் வடமொழிப் பெயரிலிருந்தே ஜம்பலன் என்னும் பெயர் வந்தது என்பர். நம் நிகண்டுகளிலே எலுமிச்சைக்குச் சம்பீரம் என்று ஒரு பெயர் உண்டு, அதே சொல்தான். ஆக, கடவுளின் பெயர் எலுமிச்சை, கருவி பணப்பை!

இந்தச் செல்வக் கடவுள் கற்சிலையாகவும் செப்புச் சிலையாகவும் பெருகிய காலம், மடங்கள் நிலக்கிழார்களாகப் பெருகிய காலம். நாளந்தாவுக்கு இருநூறுக்கு மேற்பட்ட ஊர்கள் உரிமையாக இருந்தன என்று இட்சிங் எழுதுகிறார். 9ஆம் நூற்றாண்டிலே, சுவர்ணத்தீவத்து மன்னன் பாலபுத்திரன் வேண்டிக்கொள்ள, பால மன்னன் தேவபாலன் மேலும் ஐந்து ஊர்களைச் செப்பேட்டிலே எழுதிக் கொடுத்தான். ஐந்து ஊர் என்றால் மண் மட்டுமா? மண்ணை உழுபவனும் அல்லவா? அவன் விளைத்த நெல்லிலே பெரும் பேராசிரியர்கள் வாழ்ந்தார்கள், அறிவு வளர்ந்தது, பன்னாட்டு மாணவர் பயின்றனர். இவை மறுக்க முடியாத பெருமைகள். ஆனால் அந்த நெல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஏர் என்ற விடை வரவேண்டிய இடத்திலே கீரி என்ற விடை வந்தது. அதுதான் கேடு.

தாந்திரிக காலத்திலே கற்பனை மேலும் கொழுத்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு, பச்சை, கறுப்பு என்று ஜம்பலனுக்கு நிறங்கள். துணைவியாக வசுதாரை, கையிலே நெற்கதிர். 'சாதனமாலை' என்னும் தாந்திரிகத் தொகுப்பிலே கறுத்த ஜம்பலன் கீழே கிடக்கும் தனதனை, அதாவது குபேரனை, மிதிக்கிறான். மிதிபட்ட குபேரன் மணி கக்குகிறான்! வைதிகரின் பணக்காரக் கடவுளைப் பௌத்தரின் பணக்காரக் கடவுள் மிதிக்கிறாராம். இரண்டு மதங்களின் போட்டி எதிலே வந்து நின்றது பார்த்தீர்களா? சாதியை யார் ஒழித்தது என்பதில் இல்லை. வேள்வியிலே உயிர்க்கொலையை யார் தடுத்தது என்பதில் இல்லை. யாருடைய பணப்பை பெரியது என்பதில்!

திபெத்திலே மனத்தைத் தொடும் ஒரு கதை வழங்குகிறது. அதிசர் என்ற பேராசான் வழியிலே பசியால் சாகக் கிடக்கும் ஒருவனைக் கண்டார். கொடுக்க உணவில்லை. தம் தசையை அறுத்துக் கொடுக்க முனைந்தார். அவன் உண்ண மறுத்தான். அப்போது அவலோகிதரின் கண்ணீரிலிருந்து வெள்ளை ஜம்பலன் தோன்றினான் என்பது கதை. பசித்தவனைக் கண்டு வடித்த கண்ணீர் மனிதத்தன்மை. அந்தக் கண்ணீரையும் சிலையாக்கி, சிலைக்குத் தண்ணீர் வார்த்தால் செல்வம் பெருகும் என்று சடங்காக்கியது புரோகிதத்தன்மை. ஒரு பாத்திரத்திலே ஜம்பலனை வைத்து, மந்திரம் சொல்லி, தலையிலே நீர் வார்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வைசாலியிலே அகற்றிய கிண்ணம் எங்கே போயிற்று என்று கேட்டோமே. இதோ, தண்ணீரோடு திரும்பி வந்துவிட்டது!

காஞ்சியும் நாகையும்

இந்தக் கதையில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. கயை வட்டாரத்துக் குர்கிகார் என்ற சிற்றூரில் 1930இல் இருநூறுக்கு மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றின் எழுத்துக்களைப் படித்தவர்கள், கொடையாளர் பெயர்களிடையே காஞ்சியிலிருந்து சென்றவர்களையும் கண்டனர். பாலாற்றங்கரையிலிருந்து கயை வரை சென்று சிலை வைத்திருக்கிறான் தமிழகத்துப் பௌத்தன்!

நாகப்பட்டினத்திலே சீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு, 1006இல் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. 1856 முதல் அந்நகரத்து மண்ணிலிருந்து 350க்கு மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் வெளிவந்தன. அவை ஏன் மண்ணுக்குள் போயின? யாரிடமிருந்து காக்க, யார் புதைத்தார்கள்? நாகையிலிருந்த பொற்புத்தர் படிமத்தைத் திருமங்கையாழ்வார் கவர்ந்து வந்து, உருக்கி, திருவரங்கத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று வைணவ குருபரம்பரை நூல்களே பெருமையோடு பேசுகின்றன. அது நடந்ததோ, புனைந்ததோ, பெருமையாகப் பேசினார்களே, அதுவே போதும், அந்நாளைய மனநிலையைக் காட்ட. பொன்னாயிருந்த புத்தர் மதிலானார். செம்பாயிருந்த புத்தர் மண்ணானார். மக்கள் மனத்தில் இருந்திருந்தால் எவர் உருக்கியிருக்க முடியும்?

யாரை யார் சுமப்பது?

யுவான் சுவாங் தம் நூலிலே ஒரு கதை சொல்கிறார். பால்க் நகரத்து மடத்திலே செல்வக் காவலனான வைசிரவணன் சிலை இருந்தது, கொள்ளையிட வந்த துருக்கிய இளவரசனின் கனவிலே தோன்றி ஈட்டியால் குத்தினான், அவன் மாண்டான். நல்ல கதை! 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பக்தியார் கில்சியின் குதிரைப்படை மகத நாட்டுக்குள் பாய்ந்தபோது, எந்த ஈட்டியும் எழவில்லை. மணி கக்கும் கீரிகள் வாய் திறக்கவில்லை. கல் கல்லாகவே இருந்தது. செம்பு செம்பாகவே இருந்தது.

பௌத்தம் இந்நாட்டிலே தேய்ந்ததற்குக் காரணம் ஒன்றன்று. படையெடுப்பு உண்டு, மன்னர் ஆதரவு போனது உண்டு, வைதிகத்தின் பகையும், பகையை விடக் கொடிய அதன் அணைப்பும் உண்டு. அவற்றோடு இதுவும் உண்டு: ஊர் ஊராக நடந்து, வீடு வீடாகக் கையேந்தி, மக்களோடு வாழ்ந்த சங்கம், ஊர்களை உடைமையாகப் பெற்ற மடமாயிற்று. மடம் இடிந்தால் மீண்டும் எழுப்ப, ஊரிலே வேர் இல்லை.

ஆனால் நாளந்தாவின் கதை அந்தப் புகையோடு முடியவில்லை. 1235ஐ ஒட்டித் திபெத்திலிருந்து தர்மசுவாமின் என்ற மாணவர் அங்கே வந்தார். அவர் வாய்மொழியாக எழுதப்பட்ட வரலாறு கிடைத்திருக்கிறது. எங்கும் பாழ். இரண்டு விகாரங்களே பயன்படும் நிலையில் இருந்தன. அந்த இடிபாடுகளுக்கிடையே தொண்ணூறு வயது கடந்த இராகுல சிறீபத்திரர் என்னும் ஆசிரியர், எழுபது மாணவர்க்கு இலக்கணம் கற்பித்துக் கொண்டிருந்தார்! இருநூறு ஊர் இல்லை, பண்டாரம் இல்லை, படையலும் இல்லை. பாடம் இருந்தது.

மீண்டும் படைவீரர் வருவதாகச் செய்தி வந்தது. மாணவர் பலர் ஓடினர். முதியவர், நீயும் போய்விடு என்றார். தர்மசுவாமின் மறுத்தார். கொஞ்சம் அரிசி, சர்க்கரை, சில சுவடிகள் ஆகியவற்றோடு, ஆசிரியரைத் தம் தோளிலே தூக்கிக்கொண்டு போய் ஒளிந்து, அவரைக் காத்தார்.

வைதிகப் புராணத்துக் குபேரனுக்கு ஊர்தி எது தெரியுமா? மனிதன்! மயிலும் எருதும் பிறருக்கு. செல்வக் கடவுளுக்கு மட்டும் மனிதன் முதுகு. புராணம் எழுதியவன் உண்மையை உளறிவிட்டான்! செல்வம் மனிதனின் மேலேறிச் செல்கிறது. மனிதன் குனிந்து சுமக்கிறான். அதற்கு எதிரே இந்தக் காட்சியை வையுங்கள். மாணவன் ஆசிரியனைச் சுமக்கிறான். அதிகாரத்துக்கு அஞ்சிச் சுமக்கவில்லை, ஆதாயம் கருதிச் சுமக்கவில்லை. அறிவு சாகக் கூடாது என்று சுமக்கிறான். புத்தரின் நாளந்தாவை நான் அந்தத் தோளிலே காண்கிறேன். தொப்பைச் சிலையிலே காணவில்லை.

வார்த்தவன் வறியவன்

மகதத்துச் சிற்பக்கலை மலையேறி நேபாளத்திலே நிலைத்தது. பாடன் என்னும் இலலிதபுரத்து நேவார் கொல்லர்கள் அதைக் காத்து வளர்த்தனர். அவர்களிலே சாக்கியர் என்ற பெயர் கொண்ட குடியினர், புத்தர் பிறந்த மரபினர் என்று தம்மைச் சொல்லிக் கொள்வர். 1260இல் அங்கிருந்து எண்பது கைவினைஞர் திபெத்துக்குச் சென்றனர். தலைவன் யார்? பதின்ம வயதினனான அரணிகோ! அவன் பின்னர்க் குப்ளாய் கானின் அரசவை வரை உயர்ந்தான். பீகிங்கிலே அவன் எழுப்பிய வெண்ணிறத் தூபி இன்றும் நிற்கிறது.

ஒரு ஜம்பலன் எப்படிப் பிறக்கிறான்? மெழுகிலே உருவம் செய்கிறார்கள். விரல் நகமளவு கீரிக்கும் கண்ணும் காதும் செதுக்குகிறார்கள். களிமண்ணும் சாணமும் உமியும் கலந்து மேலே பூசி உலர்த்துகிறார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடும், வெற்றிடம் நிற்கும். அந்த வெற்றிடத்திலே கொதிக்கும் உலோகம் பாய்கிறது. ஆறியதும் அச்சை உடைக்கிறார்கள். அதனால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. பிறகு வாரக்கணக்கிலே உளி வேலை. உயர்ந்த படிமங்கள் பெரும்பாலும் செம்பு. கடைச் சரக்காக வரும் அழகுப் பொருள்கள் செம்போடு துத்தநாகம் கலந்த பித்தளை. செம்புப் படிமத்துக்குப் பொன் முலாம் பூசப் பழைய முறை, பொன்னைப் பாதரசத்திலே கலந்து தடவித் தீயில் காட்டுவது. பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் ஒட்டிக்கொள்ளும். போகும் ஆவி எங்கே போகிறது? பூசுபவன் மூச்சுக்குள்ளே! நரம்பைத் தளர்த்தும், கையை நடுங்கவைக்கும் நஞ்சு அது.

செல்வக் கடவுளின் முகம் பொன்னாக மின்ன, அதைச் செய்தவனின் மூச்சு நஞ்சாகிறது. ஆயிரம் ஜம்பலனை வார்த்தவன் வீட்டிலே கீரி ஒரு மணியையும் கக்கக் காணோம். கடவுளை உண்டாக்கியவனுக்கே கொடுக்காத கடவுள், கடையிலே காசு கொடுத்து வாங்கியவனுக்குக் கொடுப்பாரா? ஜம்பலனைத் தொழுதால் சம்பளம் உயருமா? சம்பளம் உயர வேண்டுமானால் கைகள் கூட வேண்டும், கூப்பினால் போதாது!

'அழகுப் பொருள்தானே?'

'சிலையை அழகுக்காக வைத்தால் என்ன கேடு?' என்று நண்பர் சிலர் கேட்பர். கேடில்லை. கலையைக் கலை என்று போற்றுக! உளியின் நேர்த்தியைப் பாருங்கள். அரணிகோவின் மரபைப் பாராட்டுங்கள். வார்த்தவனுக்கு உரிய விலை கொடுங்கள். நாம் சிலை உடைப்பதைப் பற்றிப் பேசவில்லை. சிலையினுள்ளே ஒளித்து வைத்த பொய்யை உடைப்பதைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் கடைத்தெருக்களைப் பாருங்கள். துணி மூட்டையும் தொப்பையுமாகச் சிரிக்கும் ஓர் உருவத்தைக் குபேர பொம்மை என்று விற்கிறார்கள். வயிற்றைத் தடவினால் பணம் வருமாம். அவர் யார்? 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சீன நாட்டிலே அலைந்து திரிந்த புதாய் என்ற ஏழைத் துறவி. புதாய் என்றால் துணிப்பை. பிச்சையாகக் கிடைத்ததைப் பையிலே போட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு சிரித்து, இருந்ததைப் பகிர்ந்து திரிந்தவர் என்று அவரைப் பற்றிக் கதைகள் கூறும். ஒன்றுமில்லாமலே சிரிக்கத் தெரிந்தவரைப் பிடித்து, எல்லாம் வேண்டும் என்பவர்களின் கடவுளாக்கிவிட்டார்கள்! ஆண்டியைக் குபேரனாக்கும் வித்தை வணிகனுக்குத் தெரியும். குபேரனிடமிருந்து ஆண்டிக்கு வாங்கிக் கொடுக்கும் வித்தைதான் தெரியாது.

இந்தப் பொம்மையை யார் வாங்குகிறார்? பணக்காரன் வாங்குவது பகட்டுக்கு. கடன்பட்ட எழுத்தனும், வாடகைக்கு அலையும் சிறு வணிகனும், மகள் திருமணத்துக்கு வழி தெரியாத தாயும் வாங்குவது நம்பிக்கைக்கு. அவர்களை எள்ளி நகையாட நமக்கு மனம் வராது. அவர்களுடைய துன்பம் மெய், மருந்துதான் பொய். ஏன் கடன்பட்டேன், ஏன் வாடகை ஏறுகிறது, ஏன் திருமணம் சந்தையாயிற்று என்று கேட்கவேண்டிய வாயை, மந்திரம் முணுமுணுக்க வைக்கிறதே, அதுதான் அந்தப் பித்தளை செய்யும் தீமை. துன்பம் உண்டு, காரணம் உண்டு, நீக்கம் உண்டு, வழி உண்டு என்ற நால்வகை உண்மையிலே நடுவிலுள்ள காரணத்தை மட்டும் கீரி கவ்விக்கொண்டு ஓடிவிடுகிறது!

இரு பாத்திரங்கள்

தமிழ்ப் பௌத்தம் நமக்கு வேறொரு பாத்திரத்தைக் காட்டியது. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி. அதற்கு முன் அது ஆபுத்திரன் கையிலே இருந்தது. வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்துவிட்டதற்காக, பிறப்பைச் சொல்லி அந்தணர் விரட்டிய ஆபுத்திரன்! அந்தப் பாத்திரமும் அள்ள அள்ளக் குறையாதது என்பது கற்பனைதான். ஆனால் எதைக் கற்பனை செய்தான் தமிழன் என்று பாருங்கள். மணியை அல்ல, சோற்றை. பூட்டி வைப்பதை அல்ல, பிறர்க்கு இடுவதை. அதை ஏந்திய பெண், வேண்டியது என்ன என்று கேட்ட மன்னனிடம் பொன் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தைக் கேட்டாள், அதை அறக்கோட்டமாக்கினாள். கீரியின் கழுத்தை நெரித்து வரும் செல்வம் ஒருவனுக்கு. அமுதசுரபியிலிருந்து வரும் சோறு ஊருக்கு.

அந்த மரபை மீட்கப் பாடுபட்டவர் உண்டு. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர், 1907இல் சென்னையிலே கிழமை இதழ் ஒன்று தொடங்கினார். பெயர்: 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரு பைசா! ஏழையின் மடியிலே இருக்கக்கூடிய காசு. அதற்கு அவன் பெற்றது தாயத்தன்று, பொம்மையன்று; எழுத்து. 1954இல் ஈரோட்டிலே பெரியார் புத்தர் கொள்கைப் பரப்பு மாநாடு கூட்டினார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியிலே அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அவர்கள் தேடிய புத்தர், தொப்பைக் கடவுள்களின் அரசவையில் வீற்றிருக்கும் புத்தர் அல்லர். கேள்வி கேட்கச் சொன்ன புத்தர். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற புத்தர். பொன்னைத் தொடாதே என்று சங்கத்துக்குச் சட்டம் வகுத்த புத்தர்.

யசருக்கு வைசாலியிலே ஒரு பங்கு எடுத்து வைத்தார்களே, அந்தப் பங்கு இன்றும் ஒவ்வொருவருக்கும் நீட்டப்படுகிறது. சிலையாக நீட்டப்படுகிறது, சகுனமாக நீட்டப்படுகிறது, 'உனக்கும் கொஞ்சம் வரும், வாயை மூடு' என்ற ஆசையாக நீட்டப்படுகிறது. வாங்கிக்கொண்டால் வாய் அடைபடும். தள்ளிவிட்டால் தொல்லை வரும். ஆனால் மக்களிடம் போய் உண்மையைச் சொல்லும் உரிமையும் வரும்.

யசர் தள்ளினார். நாம்?